ஒரே தேதியில் இரண்டு வரிகள்

கணக்கு வாரியாக, ஒவ்வொரு வரவு பற்றுக்குப் பின்னும் எவ்வளவு மிச்சம் என்ற தொடர் இருப்பைத் தரும் ஒரு குவெரியில் (டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் கட்டளையில்) நான் செய்யச் சொன்ன திருத்தம் சரியானது என்றே இன்றும் சொல்வேன். ஆனாலும் அப்படிச் சொல்லும்போதெல்லாம், அந்தக் குவெரியை எழுதிய பெண் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

தொகையை சம் ஓவர் (SUM OVER) கொண்டு கூட்டி, எதன்படி பிரிப்பது என்று சொல்லும் பார்ட்டிஷன் பையில் (PARTITION BY) கணக்கு எண்ணையும், எதன்படி வரிசைப்படுத்துவது என்று சொல்லும் ஆர்டர் பையில் (ORDER BY) தேதியையும் தந்திருந்தார். வரி வரியாகக் கூட்டும் ரோஸ் (ROWS) என்றோ, ஒரே தேதி வரிகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டும் ரேஞ்ச் (RANGE) என்றோ குறிப்பிடாவிட்டால் டேட்டாபேஸ் ரேஞ்ச் என்றே எடுத்துக்கொள்ளும், அப்போது ஒரே தேதியுள்ள வரிகள் அனைத்தும் அந்தத் தேதியின் கடைசி இருப்பையே காட்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். 1,000 ரூபாய் இருந்த கணக்கில் ஒரே நாளில் 500 வரவும் 1,200 பற்றும் விழுந்திருக்க, இரண்டு வரிகளிலும் 300 என்றே வந்திருந்தது.

ரோஸ் என்று வெளிப்படையாக எழுதி, ஆர்டர் பையில் தேதிக்கு அடுத்துப் பதிவு எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். எண்ணைச் சேர்க்காவிட்டால் ஒரே தேதி வரிகள் இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் வரலாம் என்பதையும் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "சார், சாயங்காலம் சீட்டுகளை அடுக்கிப் பதிகிற வரிசைதானே அந்த எண்? பணம் எது முதலில் வந்தது, எது முதலில் போனது என்பது அதில் இல்லையே?" என்றார்.

உண்மைதான். பற்றுச் சீட்டு மேலே இருந்தால் அந்தக் கணக்கு இடையில் மைனஸ் 200க்கு இறங்கும். வரவுச் சீட்டு மேலே இருந்தால் 1,500க்கு ஏறிவிட்டு 300க்கு வரும். ஒருவருடைய கணக்கில் மைனஸ் விழுந்ததா இல்லையா என்பதை, சீட்டுகளை அடுக்கியவரின் கை தீர்மானிக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இருப்பு மாற வேண்டும், 1,000த்தோடு 500 சேர்ந்த வரியில் 300 என்று அச்சானால் வாடிக்கையாளர் அதைப் பிழை என்றுதான் சொல்வார் என்று பதில் சொன்னேன். அதில் தவறில்லை, ஆனால் அவர் கேட்டது அதையல்ல.

2018இல் மைஎஸ்கியூஎல் (MySQL) டேட்டாபேஸின் 8.0 பதிப்பு சம் ஓவர் வசதியோடு வரும்வரை, இடைத்தொகையை வைத்துக்கொள்ளும் யூசர் வேரியபிளில் கூட்டிக்கொண்டே போய், கணக்கு எண் மாறும் இடத்தில் பூஜ்ஜியமாக்கித்தான் இந்த வேலையைச் செய்துவந்தோம். கணக்கிடும் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்று அதன் ஆவணமே எச்சரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு மாறாத வரிசை ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அது நடந்த வரிசைதானா என்று கேட்கத் தோன்றுவதில்லை. இதை நியாயம் என்று சொல்கிறேனா, சாக்குச் சொல்கிறேனா என்று எனக்கே தெளிவில்லை.

தேதியோடு நேரத்தையும் சேமித்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. தேதி மட்டும் போதும் என்ற முடிவு எங்கள் இருவருக்கும் முன்பே எடுக்கப்பட்டது. நாளின் கடைசி வரியில் மட்டும் இருப்பைக் காட்டி மற்றவற்றை வெறுமையாக விட்டிருக்கலாம் என்று பின்னால் தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தால், உண்மையிலேயே காலையில் மைனஸுக்குப் போய் மாலையில் மீண்ட கணக்கும் யார் கண்ணுக்கும் படாது.