தாழிக்காட்டின் வழியே திருச்செந்தூருக்கு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் சாலை தாமிரபரணியை விட்டு அதிகம் விலகாமலே செல்வதால், கிருஷ்ணாபுரம், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என்று வழியெங்கும் கோயில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் பச்சை உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் இந்தச் சாலையை நிறைத்துவிடும். கருங்குளத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே வரும், பழங்கால இடுகாடு உள்ள ஆதிச்சநல்லூரில் மட்டும் பெரும்பாலோர் நிற்பதில்லை. கோயிலுக்குப் போகும்போது இடுகாட்டில் இறங்குவதா என்ற தயக்கம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இருந்தது. இம்முறை அவர்களையும் அழைத்துக்கொண்டே இறங்கினோம்.

ஊர்க்காரர்கள் அந்த இடுகாட்டு மேட்டைப் பரம்பு என்கிறார்கள். 114 ஏக்கர் பரப்புள்ள, கல்லும் சரளையுமான மேட்டு நிலம் அது. ஆற்றின் தென்கரையில், வயல்களைப் பார்த்தபடி இருந்தாலும் உழவுக்கு உதவாத மண். விளையும் நிலத்தை உயிரோடிருப்போருக்கு விட்டுவிட்டு, பாறையைக் குடைந்து குழி வெட்டி, அதில் இறந்தோரை வைத்த பெரிய மண்கலங்களான முதுமக்கள் தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். இறந்தோர் மீதான மதிப்பையும் வயிற்றுப்பாட்டின் கணக்கையும் ஒருசேரச் சிந்தித்த மக்கள் என்று அந்த இடத்தேர்விலேயே தெரிகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, “இது பூட்டன் பாட்டன்மாரு படுத்திருக்க எடம் அண்ணாச்சி, கும்பிட்டுட்டுப் போங்க” என்றார். அதன் பிறகு வீட்டுப் பெரியவர்களின் தயக்கம் போய்விட்டது.

1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் இங்கே முதலில் தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. நூறாண்டு இடைவெளிக்குப் பின் 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அப்போது எடுத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் கி.மு. 905 என்றும், மற்றொன்றின் காலம் கி.மு. 696 என்றும் ஆய்வகச் சோதனையில் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தள அருங்காட்சியகத்தில், அகழ்ந்த குழியின்மேல் கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். தாழிகள் கிடந்த கிடையிலேயே காலடிக்குக் கீழே தெரிகின்றன. கண்ணாடியின்மேல் கால் வைக்க மனம் ஒப்பாமல் ஓரமாகவே நடந்தவர்களையும் கண்டேன்.

முருகன் அடியார்களுக்கு ஆதிச்சநல்லூரின்மேல் தனிப் பற்று ஏற்பட ஒரு காரணம் உண்டு. ரீ கண்டெடுத்தவற்றில் இரும்பு வேல்கள் இருந்தன. வெண்கலச் சேவல் உருவங்கள் இருந்தன. முனைகளில் துளையிட்ட மெல்லிய பொன் தகடுகளும் இருந்தன. வேலும் சேவலும் இருக்கும்போது, இந்தத் தகடுகள் இன்று காவடி எடுப்போர் அணியும் வாய்ப்பூட்டைப் போன்றவையே என்றும், மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே முருக வழிபாடு இருந்தது என்றும் அறிஞர் சிலர் எழுதினர். கேட்க இனிப்பான செய்திதான். ஆனால் அந்தப் பொருள்களை எழும்பூரில் பார்த்துவிட்டு, அவை கிடந்த மண்ணையும் பார்த்தபின், எனக்கு அவ்வளவு உறுதி வரவில்லை. வேலோடு வாளும் அம்பும் கிடைத்திருக்கின்றன. சேவலோடு எருமை முதலிய உருவங்களும் கிடைத்திருக்கின்றன. போர்வீரனுக்கு அவனுடைய படைக்கலத்தை உடன் வைப்பது எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்லாமலே நடக்கக்கூடியது. பொன் தகடுகளையோ, நெற்றியில் கட்டும் பட்டங்கள் என்றே ரீ கருதினார்.

நெற்றி என்றதும் என் மனம் வேறு பக்கம் திரும்பியது. நம் வீடுகளில் இறந்தவரின் நெற்றியில் இன்றும் காசு வைக்கிறோம், வாய்க்கரிசி போடுகிறோம். ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள் இருந்த சிறு கலங்களில் நெல் உமியும் சிறுதானிய உமியும் கிடைத்துள்ளன. துணியின் எச்சங்கள்கூட இருந்தன. போகிறவர் பசியோடு போகக்கூடாது, வெறுங்கையோடு போகக்கூடாது என்ற எண்ணம் இதைவிடத் தெளிவாக வெளிப்பட முடியாது. அந்தத் தகடுதான் நெற்றிக்காசானது, அந்த நெல்தான் வாய்க்கரிசியானது என்று நேர்க்கோடு இழுக்க நான் துணியமாட்டேன். ஆனாலும் வேலைவிட இந்த உமிதான் அந்த மக்களை எனக்கு நெருக்கமாக்கியது. 2004-இல் கிடைத்த ஒரு பானை ஓட்டில் ஒரு பெண், கொக்கு, மான், முதலை ஆகியவை புடைப்பாக உள்ளன. அவளைத் தாய்த்தெய்வம் எனக் கருதுவோர் உண்டு. அவள் யாராயினும், சுற்றியுள்ளவை ஆற்றங்கரையின் உயிர்கள்தாம்.

தாழி எவ்வளவு காலம் தமிழர் நினைவில் நின்றது என்பதைப் புறநானூறு காட்டுகிறது. கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனிடம் வேண்டும் பாடல் அதில் உண்டு. பரம்பில் கிடக்கும் பெருந்தாழி ஒன்றின் வாயைப் பார்த்த பிறகு அந்த வேண்டுகோளைப் படிப்பது கடினம்.

பாலத்தைக் கடந்து வடகரையில் ஸ்ரீவைகுண்டம் சென்று கள்ளபிரானைச் சேவித்தோம். நவதிருப்பதிகள் எனப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களில் முதலாவதான இத்தலத்தில் பெருமாள் நின்ற கோலத்திலும், அடுத்துள்ள வரகுணமங்கையில் அமர்ந்தும், திருப்புளிங்குடியில் கிடந்தும் காட்சி தருவதை நம்மாழ்வார் ஒரே பாசுரத்தில் சேர்த்துப் பாடியிருக்கிறார். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்திருந்த புளியமரமான உறங்காப்புளியை வலம் வந்து, மாலையில் திருச்செந்தூரை அடைந்தோம்.

நாழிக்கிணற்றில் நீராடிவிட்டுத் தரிசன வரிசையில் நின்றபோது அலகு குத்திய இளைஞர் ஒருவர் எங்களுக்கு முன்னால் நின்றார். ஆதிச்சநல்லூரில் முருக வழிபாடு இருந்ததா என்று காலையில் எழுந்த கேள்வி மறுபடியும் வந்தது. செந்திலில் நெடுவேள் உறைவதைப் புறநானூறே சொல்கிறது. எனவே இந்தக் கடற்கரை வழிபாட்டின் தொன்மைக்குச் சங்கப் பாடலே போதிய சான்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோ அதற்கும் பல நூற்றாண்டு முந்தியவை. அவற்றிடமும் முருகன் பெயரை வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவனுக்கு இல்லை. இல்வாழ்வான் பேண வேண்டியோரை வரிசைப்படுத்திய வள்ளுவர், தெய்வத்துக்கு முன்பாக, மறைந்த முன்னோரான தென்புலத்தாரைத்தானே வைத்தார்? பன்னீர் இலையில் திருநீறு பெற்றுக்கொண்டு வெளியே வந்ததும், என் தகப்பனார் அடுத்த ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணத்தை ஸ்ரீவைகுண்டத்து ஆற்றுத்துறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

இவ்வழியே செல்ல விரும்புவோர், இயன்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. ரீ எடுத்த பொன்னும் வெண்கலமும் அங்கேதான் உள்ளன. பரம்பில் நிழல் குறைவு என்பதால் வெயில் ஏறுமுன் பார்த்து முடித்துவிட்டு, அதன் பிறகு ஸ்ரீவைகுண்டம் செல்லலாம்.