காற்று அடித்த முகம்

பர்மியர்கள் பக்கவாதத்தை 'லேபியத்' என்பார்கள். லே என்றால் காற்று, பியத் என்றால் வெட்டுவது. நாமும் அதையேதான் சொல்கிறோம். வாதம் என்ற சொல்லே காற்றைக் குறிப்பதுதான். ரங்கூனில் பிறந்து வளர்ந்து, இரண்டு மொழியிலும் நோயாளிகளோடு நாள் முழுக்கப் பேசும் பிசியோதெரபிஸ்ட் நான். என் வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தக் காற்றுதான். வாய் ஒரு பக்கம் கோணினால் போதும், மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தாலும் சரி, காதுக்குப் பின்னால் ஒரு நரம்பு வீங்கியிருந்தாலும் சரி, வீட்டில் சொல்வது ஒன்றே: "காத்து அடிச்சிருச்சு."

அப்புறம் நாள் போய்க்கொண்டே இருக்கும்.

தெய்ஞ்சி சந்தைப் பக்கம் தோசைக்கடை போட்டிருக்கும் ஓர் அக்கா எங்களிடம் வந்தது வாய் கோணிய ஒன்பதாம் நாள். முதல் நாள் காலையில் வெற்றிலை போட்டிருக்கிறார். சாறு இடது கடைவாய் வழியே ஒழுகி ரவிக்கையில் சொட்டியபோதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. முந்தின ராத்திரி காதுக்குப் பின்னால் வலித்ததாம், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் காற்று பட்டுவிட்டது என்று முடிவு செய்து, எண்ணெய் போட்டுத் தேய்ப்பவர் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவர் தினமும் கன்னத்தை மேலே இழுத்து இழுத்துத் தேய்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களோ பக்கவாதம், இனி எழுந்து நடமாட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அக்கா என் முன்னால் உட்கார்ந்து அழுதார். வலது கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அழுதார், இடது கண் சிமிட்டாமல் நீர் வடித்தது.

"சயாமா, கையும் காலும் எப்ப போகும்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் டாக்டர், வாத்தியார், எங்களைப் போன்றவர்கள் எல்லாருக்கும் சயாதான், பெண் என்றால் சயாமா.

"நெத்தியைச் சுருக்குங்கக்கா" என்றேன். வலது பக்கம் மூன்று கோடு விழுந்தது. இடது பக்கம் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. டாக்டரும் அதைத்தான் முதலில் பார்த்தார். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் ஒரு பாதி கெட்டாலும் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும், கை கால் தளரும், பேச்சு குழறும். முகநரம்பே, அதாவது ஏழாவது மூளை நரம்பே பழுதானால் நெற்றி, கண், வாய் மூன்றும் ஒரு பக்கமாகச் செயலிழக்கும். வீட்டில் இருப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்த்துத் தாங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டுக்குமே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த நரம்பு காதெலும்புக்குள் ஒரு நீண்ட, வளைந்த குழாய் வழியாக வருகிறது. குழாயின் மிகக் குறுகிய இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பு வீங்கினால் எலும்பு விட்டுக்கொடுக்காது, நரம்புதான் நசுங்கும். எதனால் வீங்குகிறது என்றால், உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ் மீண்டும் கிளம்புவதால் என்று பலர் கருதுகிறார்கள். முகநரம்பைப் பற்றி 1821-இல் எழுதிய சார்லஸ் பெல் பெயரால் இந்த முகவாதத்தை பெல்ஸ் பால்சி என்கிறோம். பெல் ஸ்காட்லாந்துக்காரர். அதே ஸ்காட்லாந்தில் 500-க்கு மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2007-இல் வெளியிட்டார்கள். 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியவர்களில் 94 சதவீதம் பேருக்கு 9 மாதத்தில் முகம் பழையபடி ஆனது. அந்த மாத்திரை எடுக்காதவர்களில் 82 சதவீதம். அந்த இடைவெளியில் நிற்கும் மனிதர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

ஒன்பதாம் நாள் வந்த அக்காவுக்கு அந்த 72 மணி நேரம் போய்விட்டது. சர்க்கரையும் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றிவிடும், எனவே அது கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை அல்ல.

என்னை அன்று பதறவைத்தது கண். மூடச் சொன்னால் விழி மேலே உருண்டு வெள்ளை மட்டும் தெரிந்தது, இமை இறங்கவில்லை. கண்ணைச் சுற்றிலும் சிவப்பு. கன்னத்தில் வழக்கம்போல் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தார். அது காய்ந்து, பொடிப்பொடியாக உதிர்ந்து, மூடாத கண்ணுக்குள் விழுந்துகொண்டிருந்தது. சிமிட்டினால்தானே தூசி வெளியேறும்? முகவாதத்தில் வாய் கோணுவதைப் பார்த்துத்தான் எல்லாரும் அழுகிறார்கள், ஆனால் பார்வையைக் கெடுக்கக்கூடியது காய்ந்துபோகும் கருவிழி. பகலில் சொட்டு மருந்து, ராத்திரியில் களிம்பு, இமையை முழுக்க இறக்கி டேப் ஒட்டுவது, வெளியே போனால் கண்ணாடி. டேப் சரியாக ஒட்டாவிட்டால் அதன் ஓரமே விழியை உரசும், அதனால் அக்காவின் மகளை உட்கார வைத்து நாலு தடவை ஒட்டச் சொன்னேன். தனக்காவை விடச் சொன்னபோது மட்டும் அக்கா முகம் வாடியது. சரி, கண்ணுக்குக் கீழே வேண்டாம், தாடைப் பக்கம் பூசுங்கள் என்று பேசி முடித்தோம். திஞ்ஜான் தண்ணீர் விழாவுக்கு மட்டும் தெருவில் நிற்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கோணிய முகம் எல்லாமே பெல்ஸ் பால்சி அல்ல. காதில் கொப்புளம் இருந்தால் அக்கி வைரஸ், அதற்கு வைரஸ் மருந்தும் சேர வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கோணினால் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் நாட்டில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலையும் தேட வேண்டும், தொழுநோயும் இமையை மூடவிடாமல் செய்யும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு டீக்கடைக்காரர் நினைவுக்கு வந்துவிடுகிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கரண்ட் மெஷின் வைத்தேன், "பலங்கொண்ட மட்டும் சிரிங்கண்ணே, கன்னத்தை உப்புங்க" என்று விரட்டினேன். அசைவு வந்தது. ஆனால் டீயை உறிஞ்ச உதட்டைக் குவித்தால் கண்ணும் கூடவே மூடியது. வளர்ந்து வந்த நரம்பிழைகள் வாய்க்குப் போக வேண்டியவை சில கண்ணுக்குப் போய்விட்டன. அது என்னால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, நரம்பு நன்றாக அடிபட்டவர்களுக்கு எப்படியும் வரலாம். ஆனால் அந்தத் தவறான இணைப்பை நான் நாள்தோறும் பழக்கிக் கொடுத்தேன். இது இன்னும் எனக்கு உறுத்துகிறது. இப்போது மெஷினைத் தொடுவதில்லை. கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, மெதுவாக, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் செய்யச் சொல்கிறேன். கண் துடித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

அக்காவுக்கு மூன்று மாதம் வரை ஒன்றும் அசையவில்லை. நாலாம் மாதம், தோசை மாவு மணக்கும் கையோடு ஓடி வந்து, "சயாமா, மூக்கோரம் பாருங்க" என்றார். மூக்கின் இடது ஓரம் ஒரு நூல் அளவு சுருங்கியது. இருவரும் கண்ணாடியை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது எட்டு மாதம். இமை முழுக்க மூடுகிறது. வெற்றிலைச் சாறு ஒழுகுவதில்லை. வாய்விட்டுச் சிரித்தால் மட்டும் இடது கண் கொஞ்சம் சுருங்கும். கடைக்கு வருபவர்கள் யாரும் கண்டுபிடிப்பதில்லை என்கிறார். எனக்குத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை தோறும் காளி கோயிலுக்குப் போய்விட்டு வருவார், நெற்றியில் குங்குமத்தோடு கண்ணாடி முன்னால் உட்காருவார். "கண்ணைத் திறந்தே வச்சுக்கிட்டு, மெதுவாச் சிரிங்கக்கா" என்பேன்.