கடைசி 32 எம்பி

பிப்ரவரி 11, 2025

புதிய ஆர்ம்64 (64-பிட் ஆர்ம் சிப்) போர்டில் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் பாதி பூட்டில் விழுகிறது. ரேம் 2 ஜிபி. ஒரு தடவை லாகின் வரை போகிறது, அடுத்த தடவை திரையில் ஒரு வரிகூட வருவதில்லை. கர்னலின் கமாண்ட் லைனில் இயர்லிகான் (பூட்டின் தொடக்கத்திலேயே செய்திகளைக் காட்டும் வசதி) சேர்த்த பிறகுதான் சீரியல் போர்ட்டில் விஷயம் தெரிந்தது: எஸ்எரர், அதாவது நினைவக அமைப்பிலிருந்து சிபியுவுக்கு வரும் பிழை அறிவிப்பு. விழும் ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் வேறு.

எஸ்எரர் தாமதமாக வரும் செய்தி. சிபியுவையும் நினைவகத்தையும் இணைக்கும் பஸ்ஸில் போன கோரிக்கை தோற்று, அந்தத் தகவல் திரும்புவதற்குள் சிபியு வெகுதூரம் போயிருக்கும். அதனால் விழுந்தபோது ஓடிய ஃபங்ஷன்களைக் காட்டும் பேக்டிரேஸைத் துருவிப் பயனில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன்: எப்போது விழுந்தாலும் நினைவக மேப்பிங்கை அமைக்கும் பேஜிங்_இனிட் முடிந்த பிறகுதான். அதற்கு முன்பே, செட்டப்_ஆர்ச் என்ற தொடக்க ஃபங்ஷனில் இயர்லிகான் எழுந்ததும் கர்னல் எஸ்எரருக்கான தடையை எடுத்துவிடுகிறது. அங்கே அமைதி. ஆக, அதற்குப் பின் ரேம் முழுவதையும் கர்னலின் முகவரிகளில் வரிசையாகப் பொருத்தும் லீனியர் மேப்பில்தான் சந்தேகம்.

பிப்ரவரி 12

கமாண்ட் லைனில் மெம்பிளாக்=டீபக் போட்டுப் பார்த்தேன். நினைவகத்தைப் பங்கிடும் வழக்கமான பட்டி (buddy) அலகேட்டர் பிறக்கும் முன் நினைவகக் கணக்கு முழுக்க மெம்பிளாக் என்ற தொடக்ககால ஏற்பாட்டின் கையில். இருக்கும் ரேம் ஒரு பட்டியல், ஒதுக்கியது இன்னொன்று. இரண்டுமே தொடக்கத்தில் கர்னல் இமேஜுக்குள்ளேயே இருக்கும் நிலையான அரேக்கள். நினைவகம் கேட்க அப்போது யாரும் இல்லையே! எனக்குக் கர்னலில் மிகவும் பிடித்த பகுதி இது.

மெம்பிளாக் அச்சிட்ட டம்ப்பில் 2 ஜிபியும் ஒரே துண்டாக, முழுக்கக் கர்னலுக்குச் சொந்தம் என்று இருக்கிறது. ஆனால் ஃபர்ம்வேர் பில்டைப் பார்த்தால், ரேமின் கடைசி 32 எம்பியை ஆப்-டீ (கர்னலிலிருந்து தனித்து ஓடும் பாதுகாப்பு மென்பொருள்) பாதுகாப்பு நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 14

சந்தேகத்தை நிரூபிக்க இரண்டு வழி. கடைசி 32 எம்பியைக் கர்னல் தொடாதபடி மெம்=2016எம் கொடுத்தால் எத்தனை முறை ரீபூட் செய்தாலும் சுத்தமாக எழுகிறது. அதை எடுத்துவிட்டு மெம்டெஸ்ட்=1 கொடுத்தால் தவறாமல் விழுகிறது. காலியாக உள்ள ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்ப்பதுதான் மெம்டெஸ்டின் வேலை. கடைசியாக அச்சான எல்லைக்குள் அந்த 32 எம்பி இருந்தது. எப்போதாவது வரும் பிழையை எப்போதும் வரும் பிழையாக மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிப்ரவரி 15

டிவைஸ் ட்ரீயில் ரிசர்வ்டு-மெமரி (ஒதுக்கிய நினைவகம்) பிரிவின் கீழ் ஒரு நோடு சேர்த்தேன். முதலில் முகவரியும் அளவும் சொல்லும் ரெக் மட்டும், மேப் போடாதே என்று சொல்லும் நோ-மேப் இல்லாமல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மெம்டெஸ்ட் தேறியது. அலகேட்டரும் அந்தப் பக்கங்களை யாருக்கும் தருவதில்லை. அப்புறமும் எப்போதாவது எஸ்எரர்! கர்னல் கோடு எதுவும் அந்த இடத்தைத் தொடவில்லை, தொட்டது சிபியு. ஒதுக்கிய பகுதியும் லீனியர் மேப்பில் கேஷ் ஆகும் சாதாரண நினைவகமாகவே இருக்கிறது. மேப் இருந்தால் ஊகத்தில் முன்கூட்டியே படித்துவைக்க சிபியுவுக்கு உரிமை உண்டு. அந்தப் படிப்பைப் பாதுகாப்பு வன்பொருள் மறுக்கிறது, மறுப்பு எஸ்எரராக வருகிறது.

பிப்ரவரி 17

நோ-மேப் சேர்த்தேன். டம்ப்பில் ரேம் இரண்டு துண்டாகி, கடைசித் துண்டின் ஃபிளாக் 4 (நோ-மேப்) என்று வந்தது. லீனியர் மேப் போடும்போது கர்னல் அதைத் தாண்டிப் போகிறது. இரவு முழுக்கத் தானாக ரீபூட் ஆகவிட்டேன், ஒரு எஸ்எரரும் இல்லை. டிவைஸ் ட்ரீ விவரக்குறிப்பிலும் நோ-மேப்புக்கு இதே பொருள்தான்: வழக்கமான மேப்பிங் கூடாது, ஊக அணுகலும் கூடாது.

இந்த நோடை யார் எழுதுவது என்பதுதான் இப்போது பேச்சு. போர்டின் டிவைஸ் ட்ரீ மூலக் கோப்பான டிடிஎஸ்ஸிலேயே போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்குச் சம்மதமில்லை. ஆப்-டீக்கு எவ்வளவு இடம் என்பது ஃபர்ம்வேர் பில்டைப் பொறுத்து மாறும். நாளைக்கு 64 எம்பி ஆனால் இதே பிழை திரும்பி வரும். ஆப்-டீ தரும் நோடுகளை டிவைஸ் ட்ரீக்குள் பிரதி எடுக்கும் வசதி, கர்னலை ஏற்றும் பூட்லோடரான யு-பூட்டில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் பூட்லோடர் கான்ஃபிகில் அதை இயக்கும் பேட்ச்சை இன்று அனுப்பிவிட்டேன்.