கோணேசர் மலையிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் பழகுகிறேன்: ஆறு வாரக் கணக்கு

மாசி நடுவில் தொடங்கியது. சித்திரை பிறக்க இன்னும் நாலு நாள். இந்த ஆறு வாரத்தில் 16 தடவை மலைக்கு ஏறியிருக்கிறேன், அதில் திமிங்கிலம் கண்டது 5 நாள். படகில் போகாமல், மலையில் உட்கார்ந்தபடியே நீலத் திமிங்கிலம் பார்க்கலாம் என்று சொன்னால் திருகோணமலைக்காரர்களிலேயே பாதிப்பேர் நம்புவதில்லை. அதனால் கொப்பியில் குறித்ததை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இடத்தைச் சொல்லத் தேவையில்லை. வெளியில் இருந்து வருபவர்களுக்கு: பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போய் மேலே ஏறினால் கோயில், அதற்குப் பக்கத்தில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு. அங்கே நின்று குனிந்து பார்த்தால் பாறை நேரே கடலுக்குள் இறங்குகிறது. வெட்டுக்குள் அலை புகுந்ததும் ஒரு கணம் சத்தமே இல்லை, பிறகு அடியிலிருந்து ஒரு உறுமல், அதற்குப் பிறகுதான் நுரை வெளியே வரும். நீர் தெளிந்த நாளில் ஆமைகள் மூச்செடுக்க மேலே வருவது வெறும் கண்ணுக்கே தெரியும், முதுகு ஓடு பச்சைக்குள் மங்கலாக எழும்பி, தலை மட்டும் ஒரு விரல்நுனி அளவுக்கு வெளியே வந்து மறையும். ஆமைக்காகவே இரண்டு நாள் முழுக்கச் செலவழித்திருக்கிறேன்.

திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வருவதற்குக் காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. மகாவலி கங்கை விழுகிற கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு பெரிய பள்ளத்தாக்கு கடலடியை வெட்டிக்கொண்டு வெளியே போகிறது, ஆகவே கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர். 1979இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு இந்தியப் பெருங்கடலை வேட்டை கூடாத சரணாலயமாக அறிவித்தது. அடுத்த சில வருடங்களிலேயே டியூலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே தங்கி இந்தத் திமிங்கிலங்களைப் பதிவு செய்தார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாகக் கோயிலுக்கு வந்து தொட்டில் கட்டிய மரத்தையும் மான்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிய காலமெல்லாம் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை. பிழை நேரத்தில் இருந்தது. விடியற்காலையில் கடல் அமைதி என்று ஆறு மணிக்கே போய் உட்காருவேன், ஆனால் மலை கிழக்குப் பார்த்தது, வெயில் ஏறினால் முன்னால் கடல் முழுக்கத் தகதகவென்று மின்னும், அந்த மினுக்கத்தில் ஒரு கப்பல் போனாலே கண்டுபிடிக்க முடியாது, பிறகு எங்கே ஊதல், அதாவது திமிங்கிலம் மேலே வந்து விடும் மூச்சு, தெரியும். மூன்றாவது வாரத்திலிருந்து பின்னேரம் மூன்று மணிக்கு மாற்றினேன். சூரியன் முதுகுக்குப் பின்னால், கடல் கருநீலம், வெள்ளையாக எது எழும்பினாலும் உடனே கண்ணில் படும். கடல்காற்று பலத்து அலைத்தலை வெளுத்துவிட்டால் மட்டும் அன்றைக்கு எழும்பி வந்துவிடுவேன். வெறுங்காலுக்கு அந்த நேரத்துத் தரை நெருப்பு, நிழல் பார்த்து நடக்க வேண்டும்.

அடுத்தது தொலைநோக்கி. 20 மடங்கு என்று போட்டிருந்த ஒன்றை மலிவாக வாங்கினேன், கையில் பிடித்தால் கடலும் வானமும் சேர்ந்து நடுங்குகிறது. நண்பனுடைய 8 மடங்கு தொலைநோக்கிதான் வேலை செய்தது. புதிதாக வாங்குபவர்கள் எட்டுக்கோ பத்துக்கோ மேல் போகாதீர்கள். பாதி நேரம் அதையும் கழுத்தில் விட்டுவிட்டு வெறும் கண்ணால் கடலை இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவ வேண்டும், சந்தேகமாக ஏதாவது எழும்பினால் மட்டும் தூக்க வேண்டும்.

எதைத் தேடுவது? உடம்பை அல்ல, மூச்சை. நீலத் திமிங்கிலத்தின் ஊதல் நேராக, தூண் மாதிரி, ஒன்பது மீட்டர் அளவுக்கு எழும்பி இரண்டு மூன்று விநாடி காற்றில் நின்று கரையும். அலை உடைந்தால் வெள்ளை கிடையாக ஓடும், இது நெட்டாக நிற்கும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் ஊதல் குட்டையாக, பற்றை மாதிரி, முன்னுக்கு இடப்பக்கம் சரிந்து வரும். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் தென்கிழக்கில் முதல் தூணைக் கண்டபோது நான் அசையவே இல்லை. இரண்டாவது எழும்பியது. பிறகு கத்திவிட்டேன், பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பயந்து, "என்ன தம்பி, ஆரும் விழுந்திட்டாங்களோ?" என்று ஓடி வந்தார். தொலைநோக்கியைக் கொடுத்தேன். நாலாவது ஊதலை அவர் பார்த்தார், பார்த்துவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

தூரம் கணிப்பதற்கு ஒரு வழி பழகி வருகிறேன். நான் இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் என்று வைத்தால் தொடுவானம் ஏறக்குறைய 36 கிலோமீட்டரில். கையை நீட்டிச் சுண்டுவிரலின் மேல் விளிம்பு தொடுவானத்தில் படும்படி கிடையாக வைத்தால், விரலின் கீழ் விளிம்பு படும் இடம் நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் கண்டவை எல்லாம் விரலுக்குள் மறைந்தவை, அதாவது அதற்கும் அப்பால். போன கிழமை ஒரு சோடி மட்டும் விரலுக்குக் கீழே வந்தது.

மான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் ஆளைக் கண்டால் விலகுவதே இல்லை. ஐந்தாவது வாரம் இறங்கி வரும்போது ஒரு பெண்மான் பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது. வாழைப்பழம் வைத்திருந்த பை, வாசம் இன்னும் போகவில்லை போல. பாதி உள்ளே போய்விட்டது. மெதுவாகப் பிடித்து இழுத்தேன், எச்சிலோடு வழுக்கி வந்தது, அது என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது, கண்ணைச் சுற்றி ஈரம், காது மடலில் ஒரு உண்ணி. தயவுசெய்து பையை அங்கே போடாதீர்கள். பழம் கொடுப்பவர்கள் பையைத் திரும்பக் கொண்டுபோங்கள். இப்போது நான் போகும் ஒவ்வொரு நாளும் இறங்கும்போது ஒரு சாக்கில் பொறுக்கிக்கொண்டு வருகிறேன், நேற்று சாக்கு பாதி நிரம்பியது.

படகு வேண்டாம் என்று நான் நிற்பதற்கும் காரணம் உண்டு. மேலிருந்து பார்த்தால் முழுப் படமும் தெரிகிறது. ஒரு திமிங்கிலம் ஊதியதும் மூன்று படகு மூன்று பக்கத்தாலும் பாய்கிறது, அது மூச்சை முடிக்காமலே தாழ்கிறது. ஒதுங்கி நின்று இயந்திரத்தை நிறுத்திய ஒரு படகுக்குக் கிட்ட அதுவாகவே வந்ததையும் கண்டேன். படகுக்காரர்கள் அதை மேலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நேற்றுத்தான் வால் கண்டேன். ஆறு ஊதல் எண்ணினேன், ஏழாவதுக்குப் பிறகு முதுகு நீளமாக உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது, கடைசியில் வால் இரண்டு பக்கமும் விரிந்து மேலே வந்து, தண்ணீர் வடிய, நேராக உள்ளே போனது. நேரம் 4.40. பதின்மூன்று நிமிடம் கழித்து வடக்குப் பக்கமாக மறுபடி ஊதியது, அதே திமிங்கிலமாகத்தான் இருக்க வேண்டும். உழவாரக் குருவிகள் பாறை விளிம்பில் மாறி மாறிப் பறந்துகொண்டிருந்தன.

இனி வைகாசியில் கச்சான் தொடங்கும், அது கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, மலை அடியில் கடல் படிந்து கிடக்கும் என்று மீன்பிடிக்கும் அண்ணை ஒருவர் சொன்னார். அதுவரை வாரம் மூன்று நாள் போவதாக இருக்கிறேன்.