450 கோடி வருஷமும் முதல் நாள்தான்

28 நவம்பர் 2025

'ஹெவன் சென்ட்' ஒளிபரப்பாகி இன்றோடு 10 வருஷம். காலத்தில் பயணம் செய்யும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடர் டாக்டர் ஹூ; அதன் ஒன்பதாவது சீசனின் 11ஆம் எபிசோட். பார்க்காதவர்கள் இங்கேயே எழுந்து போய்விடுங்கள், முழுக்கதையும் சொல்லப்போகிறேன்.

கிட்டத்தட்ட முழுக்க டாக்டராக நடிக்கும் பீட்டர் கபால்டி ஒருவர்தான். கூடவே பயணம் செய்த தோழி கிளாரா செத்த கையோடு டாக்டரைக் கடல் நடுவே ஒரு கோட்டையில் அடைத்துவிடுகிறார்கள். முக்காடு போட்ட ஓர் உருவம் ஈ மொய்க்கப் பின்னாலேயே வருகிறது. ஓடவே ஓடாது. தொட்டால் போச்சு. யாரிடமும் சொல்லாத உண்மை ஒன்றைச் சொன்னால் மட்டும் நிற்கும். கடலுக்கடியில் குவியல் குவியலாக மண்டையோடுகள். எல்லாமே டாக்டருடையவை! தெரிந்த கதைதான், இருந்தும் வயிற்றைப் பிசைந்தது.

29 நவம்பர்

வெளியே போகும் வழியை அடைத்து நிற்கும் அந்தச் சுவர். அஸ்பாண்டியம் என்ற கற்பனைப் பொருள், வைரத்தைவிட 400 மடங்கு கெட்டி, 20 அடி கனம். வெறுங்கையால் நாலு குத்து விடுவதற்குள் உருவம் வந்து தொட்டுவிடும். உடனே உயிர் போகாது. ஒன்றரை நாள் ஊர்ந்து கோபுர உச்சிக்குப் போய், மிச்ச உயிரை டெலிபோர்ட்டருக்கு (அவரை அங்கே கொண்டுவந்து இறக்கிய இயந்திரம்) எரிபொருளாகக் கொடுத்துச் சாம்பலாகிறார். அதில் பதிந்திருக்கும் நகலிலிருந்து, அன்று வந்திறங்கியபடியே புது டாக்டர் வருகிறார். மறுபடி முதலிலிருந்து. நட்சத்திரங்கள் நகர்ந்த தூரத்தைப் பார்த்து வருஷம் சொல்வார்: 7,000, 12,000, 6 லட்சம், 2 கோடி... மர்ரே கோல்டின் இசை ஏற ஏற, இயக்குநர் ரேச்சல் டலாலே காட்சிகளைத் துண்டு துண்டாக நறுக்குகிறார். குத்துக்கு நடுவே கிரிம் சகோதரர்களின் கதை: வைர மலையில் 100 வருஷத்துக்கு ஒருமுறை அலகு தீட்டும் குருவி.

பாலி நூல்களில் புத்தர் சொல்வதும் இதேபோலத்தான். ஒரு யோசனை (பழைய தூர அளவு, பல மைல்) உயர மலையை 100 வருஷத்துக்கு ஒருமுறை காசித் துணியால் துடைத்தால், மலை தேய்ந்து தீர்ந்தாலும் கல்பம் தீராதாம். புராணக் கணக்கில் கல்பம் என்பது பிரம்மாவுக்கு ஒரு பகல், 432 கோடி வருஷம். டாக்டர் உள்ளே கிடந்தது 450 கோடி (இந்தக் கணக்கு அடுத்த எபிசோடில் வரும்). ஒரு கல்பத்தையே குத்தித் தாண்டியிருக்கிறார் மனுஷன்!

1 டிசம்பர்

நண்பனோடு போனில் சண்டை. அறையெல்லாம் தானாகப் பழையபடி ஆகிற கோட்டையில் சுவரில் விழுந்த பள்ளம் மட்டும் எப்படி நிற்கும் என்கிறான். சுவர் அறையைச் சேர்ந்ததல்ல, அது வாசல் என்றேன். சரி, முதல் தடவை நனைந்து வந்த டாக்டருக்கு மாற்றுத் துணி காயப்போட்டு வைத்தது யார்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மணமாகத்தான் ஓடியிருப்பார் என்று முடிவு கட்டினோம்.

விடாமுயற்சிக் கதை என்று அவன் சொன்னதை மட்டும் ஒப்பமாட்டேன். ஒருவரை இழந்த நாள் பெரிசில்லை, அன்றைக்குச் செய்யவாவது வேலை இருக்கும். அவர் இல்லாமலே போகிற அடுத்தடுத்த நாட்கள்தான் கொடுமை என்கிற மாதிரி டாக்டரே சொல்கிறார். டெலிபோர்ட்டரிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் கிளாரா இப்போதுதான் செத்திருக்கிறாள். சுவருக்கு முன்னால் வந்ததும் பழைய சுற்றுகள் அத்தனையும் ஞாபகம் வரும், அப்போதும் குத்துகிறார். எனக்கென்னவோ, அந்த அடுத்த நாட்களுக்குள் போகாமலிருக்க அவர் கண்டுபிடித்த வேலைதான் அது என்று படுகிறது.

5 டிசம்பர்

அடுத்த எபிசோடான 'ஹெல் பென்ட்' வந்ததும் 10 வருஷம் முன்பு இதே தேதியில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டரின் சொந்தக் கிரகம் காலிஃப்ரே. வந்ததும் வராததுமாக ஆட்சியைக் கவிழ்த்து, சாவதற்கு முந்தைய நொடியிலிருந்து கிளாராவை இழுத்துக்கொண்டு ஓடுகிறார். முந்தின எபிசோடின் கனத்தை இது கெடுத்துவிட்டது என்று பலரும் திட்டுவார்கள். இரண்டாம் நாளையே பார்க்காத ஆள் வேறென்ன செய்வார்? கிளாராவுக்கோ, அவர் தனக்காக அத்தனை காலம் உள்ளே கிடந்தது தெரிந்ததும் நன்றி வரவில்லை, கோபம்தான் வருகிறது. கிளாராவாக வரும் ஜென்னா கோல்மன் அந்த இடத்தில் கபால்டியையே தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறார்.