குவாதலூப்புக்குக் குடிபோகிறோம்

2023 மார்ச் 5, சார்செல் (பாரிஸ் பக்கம்)

மாற்றல் கிடைத்துவிட்டது. கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் அரசு மருத்துவமனை, செப்டம்பரில் சேர வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு அவரும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அரசு நர்ஸ் என்பதால் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் 40 சதவீதம் விலைவாசிப் படி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரெஞ்சு அரசின் புள்ளிவிவர அலுவலகமான இன்சே 2022இல் எடுத்த கணக்குப்படி அங்கே சாப்பாட்டுச் சாமான்கள் பிரான்ஸ் பெருநிலத்தைவிட 42 சதவீதம் விலை கூட. பெரும்பாலானவை கப்பலில் வருபவை, அதற்கு மேல் ‘கடல் வரி’ என்று தனியாக ஒன்று வேறு. அந்தப் படியை மிச்சம் பிடித்து வீடு கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்குக் கவலை அவர் வேலையைப் பற்றித்தான். அவர் அக்கவுண்டன்ட், தனியார் கம்பெனிகளுக்கு இந்தப் படியைத் தரவேண்டிய கட்டாயம் இல்லை. வேலையில்லாத் திண்டாட்டமோ பெருநிலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். “வேலை கிடைக்கிற வரைக்கும் பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா டூட்டிக்குப் போ” என்றார். அந்த வார்த்தைக்காகவே போகலாம் என்று தோன்றியது.

மார்ச் 12

புதுச்சேரிக்குப் போன் பேசினேன். “புயல் அடிக்கிற ஊருக்கா கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போற?” என்று அம்மா அழாத குறை. சின்னவனுக்கு மூன்று வயதாகிறது, அவளுக்கு இன்னும் கைக்குழந்தைதான். 2011 டிசம்பரில் தானே புயலை நேரில் பார்த்தவள், அவள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று எச்சரிக்கை ஏறிக்கொண்டே போகும், ஊதா என்றால் யாரும் வெளியே வரக்கூடாது என்று விளக்கினேன். “நிறம் சொன்னா புயல் நிக்குமா?” என்றாள்.

ஏப்ரல் 26, லெசாபிம்

பிள்ளைகளின் வசந்த விடுமுறையில் குவாதலூப்புக்கு ஊர் பார்க்க வந்திருக்கிறோம். தீவு வண்ணத்துப்பூச்சி போல இரண்டு சிறகு. மேற்கே பாஸ்-தேர், எரிமலை, காடு, ஆறுகள். கிழக்கே கிராந்த்-தேர், சுண்ணாம்புக்கல் பூமி. தண்ணீர் இருப்பது மேற்கே, மக்களும் ஹோட்டல்களும் அதிகம் கிழக்கே. மலைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டும், அந்தக் குழாய்களோ பழசு, பாதிக்கும் மேல் வழியிலேயே கசிந்துபோகிறது. அதனால் கிழக்கே கோசியே, சேன்த் ஆன் பக்கமெல்லாம் முறை வைத்துத்தான் தண்ணீர். கடற்கரையைப் பார்த்து வீடு பிடிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, இந்தத் தெருவுக்கு எந்தெந்த நாள் தண்ணீர் நிற்கும், வீட்டில் டேங்க் இருக்கிறதா, எத்தனை லிட்டர், மோட்டார் ஓடுகிறதா என்பதைத்தான். இன்று பார்த்த ஒரு வீட்டில் மாமரம், கடல் காற்று, எல்லாம் இருந்தது, டேங்க் மட்டும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஏப்ரல் 28

பெத்தி-பூரில் குளிர்ச்சியான நல்ல வீடு. ஆனால் அது பாஸ்-தேர் பக்கம், ஆஸ்பத்திரி கிழக்கே கிராந்த்-தேர் பக்கம். நடுவில் உப்பாறு, அதற்கு இரண்டே பாலங்கள், ழாரி தொழிற்பேட்டைக்குப் போகிற வண்டிகளெல்லாம் காலையில் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. எனக்கோ ஏழு மணிக்கு முன்பே வார்டில் இருக்க வேண்டும். டேங்க் வைத்துத் தண்ணீரைச் சமாளித்துவிடலாம், ரோட்டுக்கு என்ன செய்வது?

பள்ளி விஷயத்தில்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். புவாந்த்-அ-பித்ர், லெசாபிம் பக்கம் வேண்டாம், தனியார் பள்ளியில் போடுங்கள் என்றார்கள். மகள் செப்டம்பரில் முதல் வகுப்பு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் வருடம். பின்தங்கிய பகுதிகளின் அரசுப் பள்ளிகளில் 2017 முதல் முதல் வகுப்பைப் பாதியாகப் பிரித்துச் சுமார் 12 பிள்ளைகள் வீதம் நடத்துகிறார்கள். சார்செலிலும் இதே திட்டம்தான், அதன் பலனை அண்டை வீட்டுப் பையன் விஷயத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயர் கெட்ட பேட்டை என்று ஒதுக்குவதற்கு முன் வகுப்பில் எத்தனை பேர், டீச்சர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டோம். டீச்சரின் பதில்கள் எங்களுக்குத் திருப்தியாக இருந்தன. லெசாபிம்தான், முடிவாகிவிட்டது.

ஏப்ரல் 30, கப்பெஸ்தேர்

ஷாங்ஜி கோயிலுக்குப் போனோம். 1854 டிசம்பர் 24 அன்று இந்தியாவிலிருந்து முதல் கப்பல் வந்து கூலியாட்களை இந்தத் தீவில் இறக்கியது, 1889 வரை சுமார் 42,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள், அதில் நம் ஊர்க்காரர்கள் ஏராளம். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962இல் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை விருப்பம் தெரிவித்து வாங்கினார், ஒரே கையெழுத்தில் முடிந்தது. இங்கே சிதம்பரோம் என்பவர், இந்த ஊரில் பிறந்தவர், இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடினார். மகளிடம் இதைச் சொன்னேன், அவளுக்குக் கோபுரத்து மயில்தான் முக்கியம்.

இந்த ஊரில் மனசு ஒட்டிக்கொண்டது, ஆனாலும் இங்கே குடியிருக்கத் தயங்குவேன். 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தைக் கொட்டியிருக்கிறார்கள், இன்னும் மண்ணில் இருக்கிறது. சேம்பு, வள்ளி மாதிரிக் கிழங்குகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். தோட்டம் போடுகிறவர்களுக்கு மண் பரிசோதனை இலவசம் என்றார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைச் செய்யாமல் ஒரு கிழங்கும் நடக்கூடாது என்பது என் கட்சி.

ஜூலை 9, சார்செல்

சாமான் கண்டெய்னரில் ஏறியாயிற்று. கிரைண்டரும் போகிறது.

செப்டம்பர் 17, லெசாபிம்

பள்ளியில் சேர்க்க முதலில் நகராட்சிக்குப் போக வேண்டும்: முகவரிச் சான்று, தடுப்பூசி புத்தகம், அப்புறம் தான் தலைமை ஆசிரியை. வாடகை ஒப்பந்தம் இல்லாமல் எதுவும் நகராது, வருகிறவர்கள் முதலில் அதை முடித்துவிடுங்கள். சின்னவனுக்கும் இடம் கிடைத்தது. 2019 முதல் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம், அதனால் மறுக்க முடியாது. விடியற்காலையே கிளம்ப வேண்டியிருக்கிறது, மதியத்துக்குள் வியர்த்து வதங்கிவிடுகிறார்கள், ஆனாலும் மகள் இரண்டே வாரத்தில் உள்ளூர் மொழியான கிரெயோலில் சண்டை போடுகிறாள்.

வியாழக்கிழமை அவருக்கு ழாரியில் இன்டர்வியூ. வேலை கிடைத்தால் மாலையில் பிள்ளைகளை யார் கூட்டிவருவது? பள்ளி முடிந்ததும் அங்கேயே பார்த்துக்கொள்வதற்கான விண்ணப்பத்தை நாளைக் காலை டூட்டிக்குப் போகும்முன் நிரப்பி அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.