பந்து போகட்டும், காலைப் பாருங்க

வேலூர், காட்பாடி பக்கம் நிறைய பாஸ்கெட்பால் கோர்ட் சிமெண்ட் தரைதான். வெயிலில் பெயிண்ட் உரிந்துபோய், ரிங்குக்குக் கீழே இருக்கிற நோ-சார்ஜ் அரைவட்டம் தேடினாலும் கிடைக்காது. மேட்சுக்கு முன்னாடியே ரெஃப்ரி டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொள்ளணும். ரிங்கின் நடுவிலிருந்து நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் புள்ளியிலிருந்து 1.25 மீட்டர் அளந்து கோடு போடணும். அதைப் போடாவிட்டால் பிளாக்கா (தடுப்பவர், அதாவது டிஃபெண்டர், வழிமறித்த ஃபவுல்) சார்ஜா (பந்தோடு வருபவர் இடித்த ஃபவுல்) என்று கடைசிவரை சண்டைதான். டிஃபெண்டரின் ஒரு கால் அந்தக் கோட்டில் பட்டிருந்தாலே, பந்தோடு எம்பி வந்து மோதும் ஷூட்டர் மேல் சார்ஜ் கிடையாது. கையாலோ முழங்கையாலோ தள்ளியிருந்தால் மட்டும் கதை வேறு.

ஷாட் கிளம்பியதும் பந்து பின்னாடியே கண் ஓடும். புது ரெஃப்ரிகளுக்கெல்லாம் இதுதான் வியாதி. கூடையில் விழுந்ததா என்று கூட்டமே கத்திச் சொல்லிவிடும், விடுங்க.

மூணு பாயிண்ட் கோட்டருகே ஜம்ப் ஷாட் என்றால் முதலில் ஷூட்டரின் பாதம். கோட்டை மிதித்திருந்தால் அது 2 பாயிண்ட் ஷாட். ஃபவுலாகி பந்து விழாமல் போனால் ஃப்ரீ த்ரோ 2-ஆ 3-ஆ என்பது அங்கேயே முடிவாகிறது. அடுத்து டிஃபெண்டரின் கை. அப்புறம் மறுபடி கால். ரெஃப்ரிகள் கவனிக்காமல் தவறவிடுவது இந்த மூன்றாவதைத்தான். பந்து கையைவிட்டுப் போன பிறகு, டிஃபெண்டர் ஒரு அடி முன்னே வந்து, ஷூட்டர் இறங்க வேண்டிய இடத்தில் ஷூவை வைப்பார். கணுக்கால் மடங்குவது அப்போதுதான். ஷூட்டரின் இரண்டு காலும் தரையைத் தொடும்வரை அது ஷூட்டிங் ஃபவுல்தான். பந்து விழுந்திருந்தால் பாயிண்டோடு ஒரு ஃப்ரீ த்ரோ. ஷூட்டரே காலை அகல உதைத்து டிஃபெண்டரை இடித்தால் ஃபவுல் ஷூட்டர் மேல்.

நின்ற இடத்திலேயே நேராக எம்பி, கையையும் நேராகத் தூக்கிய டிஃபெண்டர் மேல் ஷூட்டர் வந்து மோதினால் டிஃபெண்டர் மேல் விசில் வேண்டாம். நெஞ்சோடு நெஞ்சு இடிக்கும் சத்தத்துக்கு மயங்கக் கூடாது. கை முன்னே சாய்ந்து ஷூட்டரின் முழங்கையில் விழுந்தால் ஃபவுல். அது தெரியணும் என்றால் இருவருக்கும் நடுவே இடைவெளி தெரிகிற கோணத்தில் நிற்கணும். பின்னால் நின்றால் முதுகுதான் தெரியும்.

ஃபவுல் என்றால் விசிலோடு மூடிய கை மேலே. விரித்த கை என்றால் வயலேஷன், அதாவது ஃபவுல் அல்லாத விதிமீறல். ஸ்கோர் எழுதுகிற டேபிளுக்குப் போனதும் பாயிண்ட் உண்டா இல்லையா, பிறகு ஆட்டக்காரர் நம்பர், ஃபவுல் வகை, கடைசியில் ஃப்ரீ த்ரோ எத்தனை.